வாகன மூலை: பின்னால் வருவதற்கும் பிறேக் வேண்டும்



பனி கரைந்து ஏரிகள் திறந்ததும் எங்கள் ஆட்களுக்கு மீன் ஞாபகம் வந்துவிடும். ஊரிலே கடற்கரையோரம் பிறந்து வளர்ந்தவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வந்து இரண்டு மூன்று வருடங்களாகி, கையில் கொஞ்சம் காசும் சேர்ந்ததும், இரண்டு மூன்று குடும்பங்கள் கூடி ஒரு பழைய படகை வாங்கிவிடுகின்றன. வாங்கும்போது எல்லோரும் என்ஜினைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் படகு எந்த ட்றெயிலரில் ஏறி வீட்டுக்கு வரப் போகிறது, அந்த ட்றெயிலருக்குப் பிறேக் இருக்கிறதா, இருந்தால் அது வேலை செய்கிறதா என்பதை ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. நாங்களும் பார்க்கவில்லை. அதனால் வந்த கதையையும், ஹைட்றோலிக் பிறேக்கை எலெக்ற்றிக் பிறேக்காக மாற்றிய விதத்தையும், மாற்றிய பிறகு நாங்கள் விட்ட ஒரு பெரிய பிழையையும் இம்முறை எழுதுகிறோம். படகு வாங்காதவர்களும் வாசியுங்கள். வீடு மாறும்போது ட்றெயிலர் வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் இதில் பயன் உண்டு.

எங்கள் படகு

இந்தப் பக்கத்தை எழுதும் நாங்கள் இருவரும், மயிலிட்டியில் வள்ளம் ஓட்டிய அண்ணை ஒருவரும் சேர்ந்து மூன்று குடும்பங்களாக ஒரு படகு வாங்கினோம். ஸ்காபரோவில் அடுத்தடுத்த தெருக்களில் இருப்பவர்கள் நாங்கள். ஒற்றை அச்சு ட்றெயிலரோடு, காகிதங்கள் சரியாக, நல்ல விலைக்குக் கிடைத்தது. விற்றவர் "பிறேக் உண்டு" என்றார். நாங்களும் தலையாட்டினோம்.

முதற் பயணம் சிம்கோ ஏரிக்கு. போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வரும்போது நெடுஞ்சாலை 400ஐ விட்டு வெளியேறும் வளைவில் பிறேக்கை மிதித்தோம். யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்துத் தள்ளுவது போல ஒரு தள்ளு. சிவப்பு விளக்குக்கு நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி ஒரு கார் நீளம் போய்த்தான் பிக்கப் நின்றது. பின் இருக்கையில் மூன்று பிள்ளைகள். குறுக்கே வாகனம் வராதது கடவுள் புண்ணியம்.

மறுநாள் ட்றெயிலருக்குக் கீழே படுத்துப் பார்த்தோம். பிறேக் எண்ணெய்த் தொட்டி காய்ந்து கிடந்தது. சட்டகத்தின் ஓரமாக ஓடும் இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓரிடத்தில் ஓட்டையாகியிருந்தது. விற்றவர் சொன்னது பொய்யல்ல. பிறேக் "உண்டு"தான். வேலை செய்யவில்லை, அவ்வளவே.

சட்டம் சொல்வது

ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவுக்கு மேற்பட்ட ட்றெயிலருக்குச் சொந்தமாகப் பிறேக் இருக்க வேண்டும். மொத்த எடை என்பது படகும் என்ஜினும் ட்றெயிலரும் மாத்திரமல்ல. பெற்றோல், நங்கூரம், ஐஸ் பெட்டி, நீங்கள் உள்ளே எறிந்து வைத்த சாமான்கள் எல்லாம் அதில் சேரும். லொறி நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தோம். 1,490 கிலோ. வாங்கும்போது "ஒரு ஆயிரம் இருக்கும்" என்று நாங்கள் நினைத்திருந்தோம். நீங்களும் நினைத்துக்கொண்டிராமல் ஒருதரம் நிறுத்துப் பாருங்கள்.

இன்னும் இரண்டு விடயங்கள். ட்றெயிலரை வாகனத்தோடு இணைப்பதற்குத் தனித்தனியான இரண்டு இணைப்புகள் இருக்க வேண்டும். கொளுவும் குண்டு ஒன்று, பாதுகாப்புச் சங்கிலி மற்றது. ட்றெயிலர் றோட்டில் ஓடும்போது படகுக்குள் ஒருவரும் இருக்கக்கூடாது. பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் ஏற்றாதீர்கள்.

அவுஸ்திரேலியாவில் இருக்கும் உறவுகளுக்கு ஒரு குறிப்பு. அங்கே கணக்கு வேறு. ட்றெயிலர் சில்லுகள் தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிறேக் வேண்டும். தள்ளுவிசையால் வேலை செய்யும் பிறேக்கை 2,000 கிலோ வரைதான் பாவிக்கலாம். அதற்கு மேலே எல்லாச் சில்லுகளுக்கும் பிறேக் வேண்டும், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே அதை இயக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும்.

பழைய பிறேக் எப்படி வேலை செய்கிறது?

மாட்டுவண்டி இறக்கத்தில் இறங்கும்போது வண்டி மாட்டைத் தள்ளும். ஊரில் பார்த்திருப்பீர்கள். படகு ட்றெயிலர்களில் உள்ள ஹைட்றோலிக் பிறேக் அந்தத் தள்ளுவிசையைத்தான் பாவிக்கிறது. வாகனம் வேகத்தைக் குறைத்ததும் ட்றெயிலர் முன்னுக்குத் தள்ளும். கொளுவியின் உட்பகுதி பின்னுக்குச் சறுக்கும். அது மாஸ்ரர் சிலிண்டரை அழுத்தும். எண்ணெய் குழாய் வழியே சில்லுக்குப் போய்ப் பிறேக் சூவை விரிக்கும்.

இதிலே நல்ல குணங்கள் உண்டு. வாகனத்தில் ஒரு வயரும் கூடுதலாகத் தேவையில்லை. எந்த வாகனமும் கொளுவிக்கொண்டு போகலாம். தண்ணீருக்குள் இறங்கி ஏறினாலும் மின்சாரத்துக்குப் பயமில்லை. அதனால்தான் படகு ட்றெயிலர்களில் இது வழக்கமானது.

குறைகளும் உண்டு. ட்றெயிலர் தள்ளினால்தான் பிறேக் பிடிக்கும். ட்றெயிலர் வாலாட்டத் தொடங்கினால் அதன் பிறேக்கை மட்டும் மெல்லப் பிடித்து நேராக்க ஓட்டுநருக்கு வழியில்லை. நீண்ட இறக்கத்தில் கொளுவி அழுந்தியபடியே இருப்பதால் பிறேக் சூடேறும். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெய் போய்விட்டால் அறிவிக்கும் விளக்கு ஒன்றும் எங்கள் ட்றெயிலரில் இல்லை. நாங்கள் ஏமாந்தது அப்படித்தான்.

மூன்று வழிகள்

எங்களுக்கு முன் மூன்று வழிகள் இருந்தன.

1. பழையதையே திருத்துவது. புதிய குழாய், புதிய மாஸ்ரர் சிலிண்டர், சில்லுச் சிலிண்டர்கள். எந்த வாகனமும் இழுக்கலாம் என்ற வசதி இதில் தொடரும்.

2. முழுவதும் எலெக்ற்றிக் பிறேக்காக மாற்றுவது. குழாயும் எண்ணெயும் இல்லை. ஓட்டுநருக்கு முழுக் கட்டுப்பாடு. ஆனால் கொன்ற்றோலர் பூட்டிய வாகனத்தால் மட்டுமே இழுக்க முடியும். உப்புத் தண்ணீரில் இறக்கும் ட்றெயிலருக்கு இது உகந்ததல்ல. காந்தமும் வயர் இணைப்பும் டிறத்தின் உட்புறமும் விரைவில் அரித்துப் போகும்.

3. இரண்டையும் கலந்த முறை. சில்லில் ஹைட்றோலிக் பிறேக் அப்படியே இருக்கும். கொளுவியிலிருந்த மாஸ்ரர் சிலிண்டருக்குப் பதிலாக மின்சாரத்தால் இயங்கும் ஒரு பம்பைப் பூட்டுவார்கள். வாகனத்துக் கொன்ற்றோலர் சொன்னதும் பம்ப் எண்ணெயை அழுத்தும். டிறம் பிறேக்குக்கு 1,000 பிஎஸ்ஐ, டிஸ்க் பிறேக்குக்கு 1,600 பிஎஸ்ஐ அழுத்தம் தரும் பம்புகள் உண்டு. வாங்கும்போது உங்கள் பிறேக்குக்கு ஏற்றதைக் கேட்டு வாங்க வேண்டும். கடலில் இறக்குபவர்களுக்கும் பாரமான படகுக்காரருக்கும் இதுவே சிறந்தது. ஆனால் செலவு அதிகம். எல்லாக் கொன்ற்றோலர்களும் இந்தப் பம்போடு ஒத்துப்போவதுமில்லை.

நாங்கள் இரண்டாவது வழியை எடுத்தோம். நாங்கள் போவது நன்னீர் ஏரிகளுக்கு மட்டும். பழைய குழாய் முழுவதும் துரு. பிக்கப்பில் ஏழு பின் பிளக் ஏற்கனவே இருந்தது. இந்த மூன்று காரணங்களும் உங்களுக்கும் பொருந்தினால் மட்டும் எங்களைப் பின்பற்றுங்கள்.

சில்லுப் பக்க வேலை

ட்றெயிலரைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சில்லுக்குக் கட்டை வைத்து, ஜாக்கைச் சட்டகத்தில் வைத்து உயர்த்துங்கள். அச்சுக் குழாயில் ஜாக்கை வைக்கக்கூடாது, அது வளைந்துவிடும். உயர்த்தியதும் தாங்கு கட்டை வைத்த பின்னரே கீழே கை விடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒருவரும் வேலை செய்ய வேண்டாம். பழைய பிறேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அது சுவாசிக்கக் கூடாத தூசி. மிஞ்சிய பிறேக் எண்ணெயைத் தெருக் கானில் ஊற்றாமல், நகரசபை அபாயக் கழிவு சேர்க்கும் இடத்தில் கொடுங்கள்.

அச்சின் நுனியில், பிறேக் தட்டைப் பூட்டுவதற்கு ஒரு தகடு வைத்து ஒட்டப்பட்டிருக்கும். எங்களுடையது 3,500 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 1,588 கிலோ தாங்கும் அச்சு. அதற்குப் பத்து அங்குலப் பிறேக், நான்கு போல்ற். பழைய ஹைட்றோலிக் தட்டைக் கழற்றியதும் புதிய எலெக்ற்றிக் தட்டு அதே நான்கு துளைகளில் இருந்துவிட்டது. ஆனால் பழைய டிறம் உதவாது. எலெக்ற்றிக் பிறேக்கில் ஒரு மின்காந்தம் டிறத்தின் உட்சுவரைப் பற்றிப் பிடிக்க வேண்டும். அதற்கென்று அந்தச் சுவர் வழவழப்பாகக் கடையப்பட்டிருக்க வேண்டும். எங்கள் பழைய டிறத்தில் அது இல்லை. ஆகவே டிறத்தையும் ஹப்பையும் சேர்த்தே வாங்கினோம். கடைக்குப் போகும்போது பழைய பேரிங்கைக் கொண்டு போங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் இலக்கத்தைப் பார்த்து வாங்கினால் பிழைக்காது. சில்லு போல்ற் எத்தனை, எவ்வளவு தூரம் என்பதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிறேக் வேலை செய்யும் விதம் எளிது. பிறேக் மிதித்ததும் மின்காந்தத்துக்கு மின்சாரம் போகும். அது சுழலும் டிறத்தோடு ஒட்டப் பார்க்கும். டிறம் அதை இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். அந்த இழுவையில் ஒரு நெம்புகோல் நகர்ந்து பிறேக் சூக்களை விரிக்கும். மின்சாரம் கூடினால் பிடியும் கூடும். இடது தட்டும் வலது தட்டும் வேறு வேறு. இரண்டு சூக்களில் நீளம் குறைந்தது வாகனத்தின் முன்பக்கம் பார்க்க இருக்க வேண்டும். மாற்றிப் பூட்டினால் பிடிக்காது.

ஹப்பை ஏற்றும்போது பேரிங்குக்கு நன்றாகக் கிறீஸ் அடையுங்கள், புதிய சீல் போடுங்கள். ஹப்பைச் சுழற்றியபடி சுரையை இறுக்கி, பிறகு தளர்த்தி, கையால் இறுக்கும் அளவில் விட்டுப் பூட்டு ஊசியைப் போடுங்கள். தட்டின் பின்னாலுள்ள சிறு துளையால் நட்சத்திரச் சில்லைத் திருப்பி, சூ டிறத்தில் இறுகும் வரை கொண்டுவந்து, மெல்ல உரசும் அளவுக்குத் திரும்பத் தளர்த்துங்கள். பூட்டி ஓடிய பின் முதல் 80 கிலோமீற்றருக்குள் சில்லுச் சுரைகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

பழைய சறுக்கும் கொளுவியை அப்படியே விட்டுவிடக்கூடாது. அதைக் கழற்றி நேரான சாதாரணக் கொளுவி பூட்ட வேண்டும். சறுக்கும் கொளுவி இருந்தால் ஒவ்வொரு பிறேக்குக்கும் முன்னுக்கும் பின்னுக்கும் அடிக்கும்.

வயர் வேலை

வேலையில் பாதி இதுதான். படகு ட்றெயிலரில் எலெக்ற்றிக் பிறேக் பழுதாவது பெரும்பாலும் இணைப்புகளில்தான்.

ஒவ்வொரு காந்தத்துக்கும் இரண்டு வயர் உண்டு. எது எதோடு என்ற பேதம் இல்லை. ஒன்று நீல வயருக்கு, மற்றது நிலத்துக்கு. ஒரு காந்தம் சுமார் 3 அம்பியர் எடுக்கும், எங்கள் இரண்டுக்கும் 6. இதற்கு 12 இலக்கத் தடிப்பு வயர் போட்டோம். நில இணைப்பைச் சட்டகத்தில் திருகிவிட்டுப் போகாதீர்கள். துருப்பிடித்ததும் பிறேக் பலம் குறையும், காரணமும் தெரியாது. ஒவ்வொரு காந்தத்திலிருந்தும் தனி வெள்ளை வயர் பிளக் வரை ஓட வேண்டும். இணைப்புகளை நசுக்கிப் பூட்டி, உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாயால் மூடிச் சூடுகாட்டுங்கள். கறுப்பு ரேப் சுற்றியது முதல் தடவை தண்ணீரில் இறங்கியதுமே தோற்றுப் போகும். அச்சுக் குழாய்க்குள்ளால் வயர் விட்டால் உள்ளே உரசி அறுபடும். வெளியால் ஓட்டிக் கட்டுங்கள்.

ஏழு பின் பிளக்கில் நிறங்கள் இப்படி: வெள்ளை நிலம், நீலம் பிறேக், கறுப்பு வாகனத்துப் பற்றறியின் மின்சாரம், மண்ணிறம் பின் விளக்குகள், மஞ்சள் இடது சமிக்ஞை, பச்சை வலது சமிக்ஞை, நடுவில் உள்ளது றிவேர்ஸ் லைற். இங்கே ஒரு பொறி இருக்கிறது. டிஸ்க் பிறேக் உள்ள பழைய ஹைட்றோலிக் ட்றெயிலர்களில் தட்டையான ஐந்து பின் பிளக் இருக்கும். அதன் ஐந்தாவது வயரும் பெரும்பாலும் நீலம்தான். ஆனால் அது பின்னுக்கு எடுக்கும்போது பிறேக்கை விடுவிப்பதற்காக றிவேர்ஸ் லைற்றோடு இணைந்தது. நிறம் ஒன்றுதானே என்று இந்த நீலத்தை அந்த நீலத்தோடு சேர்த்துவிடாதீர்கள். வயர் எங்கே போகிறது என்பதை விளக்கு வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

ட்றெயிலர் வாகனத்தை விட்டுக் கழன்றுவிட்டால் தானாகப் பிறேக் பிடிக்க ஒரு சிறு பற்றறியும் ஊசி உள்ள சுவிச்சும் பூட்டினோம். ஊசியின் கம்பியை வாகனத்தில் கொளுவ வேண்டும், சங்கிலியில் அல்ல. கழன்றால் ஊசி பிடுங்கி, பற்றறி இரண்டு பிறேக்கையும் பிடிக்கும். இதைச் சோதிக்கும்போது ஏழு பின் பிளக்கைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள், இல்லாவிட்டால் கொன்ற்றோலர் பழுதாகலாம். சோதித்ததும் ஊசியைத் திரும்பப் போட்டுவிடுங்கள். இதை நிறுத்திவைக்கும் பிறேக்காகப் பாவிக்கக்கூடாது.

வாகனப் பக்க வேலை

கொன்ற்றோலரில் இரண்டு வகை உண்டு. ஒன்று நீங்கள் எவ்வளவு வேகமாகக் குறைக்கிறீர்கள் என்பதை உணர்ந்து அதே அளவுக்கு ட்றெயிலரையும் பிடிக்கும். மற்றது நேரத்தைக் கணக்கிட்டு எப்போதும் ஒரே மாதிரிப் பிடிக்கும். முதல் வகைக்குக் கொஞ்சம் கூடச் செலவழியுங்கள். அதன் நான்கு வயர்களில் கறுப்பு பற்றறிக்கு, இடையில் 20 அம்பியர் பாதுகாப்பு முறிப்பானோடு. வெள்ளை நிலத்துக்கு. சிவப்பு பிறேக் மிதியின் சுவிச்சுக்கு. நீலம் பின்னால் ட்றெயிலருக்கு. சிவப்பைத் தேடி வாகன வயர்களைக் கீற வேண்டாம். பல பிக்கப்புகளில் இதற்கென்றே ஒரு பிளக் உள்ளே தொங்கும். இல்லாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அளவு வைப்பது இப்படி. வெறுமையான, காய்ந்த, சமமான றோட்டில் மணிக்கு 40 கிலோமீற்றரில் போய், வாகனப் பிறேக்கைத் தொடாமல் கொன்ற்றோலரின் கைப்பிடியை மட்டும் அழுத்துங்கள். ட்றெயிலர் சில்லு இறுகி வழுக்கும் வரை அளவைக் கூட்டி, பிறகு சற்றுக் குறையுங்கள். புதிய சூக்கள் உடனே முழுதாகப் பிடிக்கமாட்டா. 65 கிலோமீற்றரிலிருந்து 30 வரை இருபது முப்பது தடவை மெல்லக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டுப் பழக்குங்கள். பிறகு மறுபடி அளவு வையுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்தது. ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்து "நல்ல வேலை" என்றார். நாங்களும் நெஞ்சை நிமிர்த்தினோம்.

நாங்கள் விட்ட பிழை

ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் வேலையில். அண்ணை பேரப்பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, தன் வானில் படகைக் கொளுவி, பிளவ்வர்ஸ் பார்க்குக்குப் புறப்பட்டார். போன வருடமும் அதே வானில்தான் இழுத்தார். ஏழு பின் பிளக் அவருடைய வானின் தட்டையான நான்கு பின்னுக்குப் பொருந்தவில்லை. கடைக்குப் போனார். இரண்டையும் சேர்க்கும் ஒரு சிறு பிளக்கைக் கொடுத்தார்கள். கொளுவிப் பார்த்தார். பின் விளக்கு எரிந்தது, சமிக்ஞை எரிந்தது, பிறேக் விளக்கும் எரிந்தது.

ஸ்காபரோவில் இருப்பவர்களுக்குத் தெரியும், பிறிம்லி றோட்டின் தென்முனை குன்றிலிருந்து ஏரிக்குச் செங்குத்தாக இறங்குகிறது. பாதி இறக்கத்தில் வானின் பிறேக் மிதி மெதுமையாகத் தொடங்கியது. பின்னால் 1,490 கிலோ தள்ளுகிறது. கடலில் பழகிய மனிதர், பதறவில்லை. கியரைக் கீழே இறக்கி, ஓரத்தைப் பிடித்து, கீழே சமதரை வந்த பிறகுதான் வானை நிறுத்தினார். முன் சில்லுகளிலிருந்து புகை. தள்ளுவண்டிக் குழந்தைகளோடு சனங்கள் நடக்கும் இடம் அது.

இரவு அவர் வீட்டுக்குப் போனோம். "லைற் எல்லாம் வடிவா எரிஞ்சுது தம்பி. பிறகு என்னத்தை யோசிக்கிறது?" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்ரை வானாலை இனி இழுக்கேலாது எண்டு எனக்கு ஒருதரும் சொல்லேல்லை" என்றார். எங்களால் தலை நிமிர முடியவில்லை.

சரியான பேச்சு அது. விளக்குக்குப் போகும் வயர் வேறு, பிறேக்குக்குப் போகும் நீல வயர் வேறு. நான்கு பின் பிளக்கில் நீல வயரே இல்லை. பழைய ஹைட்றோலிக் பிறேக் எந்த வாகனத்துக்குப் பின்னாலும் தானாகவே பிடித்தது. நாங்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கொன்ற்றோலர் இல்லாத வாகனத்துக்குப் பின்னால் பிறேக்கே இல்லாத ஒரு ட்றெயிலரை உண்டாக்கிவிட்டோம். மூவரும் காசு போட்ட சாமானை இருவர் தீர்மானித்து மாற்றினோம். மாற்றியதன் பொருள் என்ன என்பதை மூன்றாமவருக்குச் சொல்லவில்லை. வெள்ளைக்காரர் ஒருவர் விற்ற பழைய பிறேக்கைக் குறை சொன்ன நாங்கள், அதைவிட ஆபத்தானதை எங்கள் அண்ணையின் கையில் கொடுத்துவிட்டோம்.

அவருடைய வானுக்கும் ஒரு கொன்ற்றோலர் பூட்டலாமா என்று பார்த்தோம். வானின் கையேட்டைத் திறந்தால், இழுவைக்கென்று தயாரித்த பொதி பூட்டியிருந்தால்தான் 3,500 இறாத்தல் வரை இழுக்கலாம் என்றிருந்தது. அவருடைய வானில் அது இல்லை. ஆட்கள் நிறைய ஏறினால் இழுக்கக்கூடிய எடை இன்னும் குறையும். ஆக, போன வருடம் இழுத்ததும் பிழைதான். ஒன்றும் நடக்காததால் சரியென்று நினைத்திருந்தோம்.

இப்போது நாங்கள் செய்வது

அந்தச் சிறு பிளக்கை எறிந்துவிட்டோம். கொளுவியின் மேல் மஞ்சள் மையால் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறோம்: "எலெக்ற்றிக் பிறேக். கொன்ற்றோலர் இல்லாமல் இழுக்காதே." ட்றெயிலரை இரவல் கேட்பவருக்கும், நாளை வாங்குபவருக்கும் அது பேசும். இன்சூரன்ஸ் முகவருக்கு ட்றெயிலரையும் இழுக்கும் வாகனத்தையும் பற்றிச் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறோம்.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் இவற்றைச் செய்கிறோம்:

1. சங்கிலி இரண்டையும் கொளுவிக்குக் கீழே குறுக்காகப் போட்டுக் கொளுவுதல். ஊசிக் கம்பியை வாகனத்தில் கொளுவுதல்.

2. வீட்டு வாசலிலேயே நடக்கும் வேகத்தில் நகர்ந்து, கொன்ற்றோலரின் கைப்பிடியை அழுத்துதல். ட்றெயிலர் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பதை உடம்பில் உணர வேண்டும். உணராவிட்டால் பயணம் இல்லை. விளக்கு எரிவதைப் பார்த்துத் திருப்திப்படக்கூடாது.

3. ஏரிக்குப் போனதும் ஹப் ஆறும் வரை பொறுத்தல். சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் பேரிங்குக்குள் தண்ணீர் உறிஞ்சப்படும். இறக்குமுன் பிளக்கைக் கழற்றுதல்.

4. ஏறி வந்ததும் பிளக்கைப் பூட்டி, முதல் சில நூறு மீற்றரில் கைப்பிடியை மெல்ல அழுத்தி நனைந்த சூக்களைக் காயவைத்தல்.

5. வருடத்துக்கு ஒருமுறை டிறத்தைக் கழற்றித் துரு, காந்தத்தின் தேய்மானம், சூ, கிறீஸ் எல்லாம் பார்த்தல்.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு இன்னும் ஒரு சொல். என்ஜின் உள்ள படகை ஓட்டுபவருக்கு ஓட்டுநர் அட்டை வேண்டும், 10 குதிரைவலுவோ அதற்கு மேலோ உள்ள என்ஜின் என்றால் படகுக்கும் பதிவு இலக்கம் வேண்டும், ஏறும் ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி வேண்டும். ஊரில் நாங்கள் நன்றாக நீந்துவோம் என்பது இந்தக் குளிர்த் தண்ணீரில் கணக்கில் வராது.

அண்ணைக்கும் எங்களுக்கும் இடையில் இப்போது ஓர் உடன்பாடு. பிக்கப் வைத்திருப்பவர்தான் இழுப்பார், எண்ணெய்ச் செலவு மூன்றாகப் பிரியும், படகில் எதை மாற்றினாலும் மூன்று வீட்டாரும் கூடிப் பேசிய பிறகே மாற்றுவது. சென்ற மாதம் சிம்கோவுக்குப் போனோம். வழியெல்லாம் அண்ணை பக்கத்து இருக்கையில் இருந்து கைப்பிடியை அடிக்கடி அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்குதுறையில் படகு மிதந்ததும் திறப்பை வாங்கிக்கொண்டு சொன்னார்: "றோட்டிலை நீங்கள் சொல்லுறதைக் கேக்கிறன். தண்ணியிலை நான் சொல்லுறதை நீங்கள் கேக்க வேணும்."

கேட்டோம். அன்று கூலர் நிறைய மீன்.

உங்கள் வாகனங்கள் பற்றிய சந்தேகங்களை வழக்கம் போல ஆசிரியர் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள். மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.